பெரியப்பாவுக்கு அடுத்தது சித்தப்பா

16.1.2005, ஞாயிறு
அண்ணன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க ஆரம்பித்தாயிற்று. பனியன் கம்பெனியில் ஷிப்மெண்ட் என்று அப்பா கழன்றுகொண்டார். நானும் அம்மாவும் வெள்ளகோவில் போனோம். மூத்தவர் ஆறுச்சாமி பெரியப்பாவுக்கு முதல் பத்திரிகை. அதே தெருவில்தான் அவர் மகள் அனிதா அக்காவும் மகன் இளங்கோ அண்ணனும் இருக்கிறார்கள். முதலில் காங்கேயம் போய்ச் சித்தப்பாவுக்கு வைத்துவிட்டு வரலாம் என்றாள் அம்மா. வந்தது வந்தோம், இந்த இரண்டு வீட்டையும் முடித்துவிடலாம் என்றேன். எவ்வளவு டீசல் மிச்சம்! அதற்குள் ராகுகாலம் வந்துவிட்டது. காங்கேயம் இன்னொரு நாள்.

17.1.2005
அனிதா அக்கா வாய் சும்மா இருக்குமா? சித்தப்பாவுக்குச் செய்தி போய்விட்டது. அப்பாவுக்குப் போன் செய்தார். “எனக்குத் தபால்ல போட்டுருங்கண்ணா. அண்ணன் புள்ளைகளுக்கு அப்பறந்தான் நானுன்னா, கல்யாணத்துக்கு நான் எதுக்குங்க?”

அப்பா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. எனக்கு சைக்கிள் பழக்கிவிட்டவர் சித்தப்பா. அவர் வராமல் என்ன கல்யாணம்? எல்லாம் என்னாலதான். அழுகையா வருது.

19.1.2005
காலேஜ் கம்ப்யூட்டர் லேபில் பைனரி ட்ரீ. ஒவ்வொரு எண்ணுக்கும் கீழே இரண்டு எண்: ஒன்றுக்குக் கீழே 2, 3; இரண்டுக்குக் கீழே 4, 5; மூன்றுக்குக் கீழே 6, 7. ஒரு மட்டம் முழுக்க முடிந்த பிறகே கீழ் மட்டம் அச்சாக வேண்டும். என் புரோகிராம் 1, 2, 4, 5, 3, 6, 7 என்று கொட்டியது. கோமளா மேடம் சிரித்தார். “ரெண்டாம் நம்பர் ஊட்டுக்குப் போனா, புள்ளைக வரைக்கும் பாத்துட்டுத்தான் வருவியா கண்ணு? மூணு காத்துட்டிருக்குதல்ல?”

பிள்ளைகளை க்யூவின் கடைசியில் நிறுத்த வேண்டுமாம். நிறுத்தினேன். சரியாக வந்தது.

நோட்டில் எண்களுக்குப் பக்கத்தில் பெயர் எழுதிப் பார்த்தேன். ஒன்று மறைந்த தாத்தா, இரண்டு பெரியப்பா, மூன்று — சித்தப்பா. (நாங்கள் கல்யாண வீடு, கணக்கில் இல்லை.) நாலும் ஐந்தும் வெள்ளகோவில் வாரிசுகள். சபாஷ் சுபஸ்ரீ! மூன்று வருஷம் ஃபீஸ் கட்டிப் படித்தும், சொந்தக்காரர்களுக்கெல்லாம் தெரிந்தது உனக்குத் தெரியவில்லை.

20.1.2005
அப்பா, அம்மாவோடு காங்கேயம். அம்மா சொல்லியும் நான்தான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது என்று சித்தப்பாவிடம் சொன்னேன். தட்டை நீட்டினோம். அவர் தொடவில்லை.

பிறகு பத்திரிகையை மட்டும் எடுத்துச் சித்தியிடம் கொடுத்தார். துண்டைத் தோளில் போட்டார். “அனிதாளுக்கும் இளங்கோவுக்கும் எனக்கு முந்தி வெச்சது செல்லாது கண்ணு. வா, திருப்பி வாங்கோணும்.”

விளையாட்டு என்று நினைத்தேன். இல்லை. வெள்ளகோவில் போய் இரண்டையும் வாங்கிக்கொண்டார். அனிதா அக்கா பேந்தப் பேந்த விழித்தாள். அப்புறம் அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கி, வெற்றிலை பாக்கோடு அதே பத்திரிகையை வைத்து, அவரே அக்காவிடம் நீட்டினார்.

“நம்மூட்டுக் கல்யாணம். மொத நாளே வந்தரோணும்.”