பதினேழு வேங்கை மரங்கள்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
ஞாயிற்றுக்கிழமை.

அன்பு மகள் மாஜிதாவுக்கு அத்தா அசன் முகம்மது சொல்லச் சொல்ல, ஜெராக்ஸ் கடை நிஜாம் எழுதும் கடிதம். அஸ்ஸலாமு அலைக்கும். டெல்லிக் குளிர் உனக்கும் மருமகனுக்கும் ஒன்றும் செய்யாதிருக்க துஆ செய்கிறேன்.

இங்கே மலையில் நல்ல மழை. கண்மாய் பாதிக்கு மேல் நிறைந்துவிட்டது. என் முழங்கால் வலி அப்படியேதான். ரேஷன் கடை மிஷினில் இந்த மாசமும் என் ரேகை விழவில்லை. தேய்ந்துபோச்சாம். நாலு விரலை மாற்றி மாற்றி வைத்த பிறகு அரிசி தந்தார்கள்.

போனில் பேசாமல் ஏன் கடிதம் என்று நினைப்பாய். பல்கலைக்கழகத்தில் பிள்ளைகளுக்குக் காட்டின் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறவள் நீ. காகிதத்தில் இருந்தால்தான் எடுத்துக்கொள்வாய். அதனால்தான்.

அச்சுக்குப் போகுமுன் கேட்டுப் பாருங்கள் என்று நீ அனுப்பிய புத்தகத்தை நிஜாம் எனக்கு வாசித்துக் காட்டினான். மூன்று மத்தியானம் ஆனது. நம் மலையை இப்படி யாரும் எழுதியதில்லை என்றான். எனக்கும் பெருமையாக இருந்தது, ஆறாவது பாடம் வரும் வரைக்கும்.

அதில், எமர்ஜென்சிக்கு முந்தின வருசம், மரம் வெட்ட ஏலம் விட்ட கூப்பில் முத்திரை இல்லாத பதினேழு வேங்கை மரங்களைச் மரத்திருடன் சின்னக்கருப்பன் என்ற மலைவாசிப் பளியர் வெட்டினார், ஆறு மாசம் ஜெயிலில் இருந்தார் என்று எழுதியிருக்கிறாய். கண்ணால் பார்த்ததாக ஒரு லோடுமேன் வாக்குமூலம் கொடுத்திருக்கிறார், அந்தத் தாளில் பேர் இருந்த இடத்தைக் கரையான் தின்றுவிட்டது, கைநாட்டு மட்டும் மிச்சம் என்றும் போட்டிருக்கிறாய்.

அவன் வெட்டவில்லை மாஜிதா. வெட்டியது எங்கள் ராஜபாளையத்துக் காண்டிராக்டரின் ஆட்கள். லாரியில் ஏற்றிய நாலு பேரில் நான் ஒருவன்.

கூப்பு முறை உனக்குத் தெரியும். வெட்டலாம் என்று விட்ட மரத்தின் அடியில் ஆபீசர் சுத்தியலால் முத்திரை அடிப்பார். வெட்டிய பிறகு அடிக்கட்டையிலும் தடியிலும் அந்த முத்திரை இருக்க வேண்டும். காண்டிராக்டர் கொல்லரிடம் சொல்லி அதே மாதிரி ஒரு சுத்தியல் செய்து வைத்திருந்தார். தடியில் எல்லாம் அடித்தாயிற்று. அடிக்கட்டையில் அடிக்குமுன் மழை பிடித்துக்கொண்டது. மறுநாள் சோதனைக்கு ஆள் வந்துவிட்டது. எனக்கு எழுத்துத் தெரியாது. ஆனாலும் பதினேழில் எது எந்தப் பாறையோரம் நின்றது என்று இன்றைக்கும் சொல்வேன். ஓடைக்கு வடக்கே ஒன்பது, தெற்கே எட்டு.

தேன் எடுக்க அந்த வழியாக வந்தவன் சின்னக்கருப்பன். அவனைப் பிடித்தார்கள். அவன் கையில் இருந்தது தேன் அரிவாள் என்று நீயே எழுதியிருக்கிறாய். ஒவ்வொரு வேங்கையும் ஏழடி சுற்று என்றும் எழுதியிருக்கிறாய். இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்காமல் போய்விட்டாயே.

வாக்குமூலத்தை எனக்கு வாசித்துக் காட்டவில்லை, லோடு ரசீது என்று நினைத்துக் கை வைத்தேன் என்று உன்னிடம் சொல்லத்தான் எனக்கு ஆசை. இத்தனை வருசமும் எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டேன். வாசித்துக் காட்டினார்கள். இரண்டு தடவை. "ஏலே அசன், அவன் போகலைன்னா நீங்க நாலு பேரும் போகணும். அவனுக்கென்ன, கல்யாணமா காட்சியா" என்றார் காண்டிராக்டர். அந்த வாரம்தான் உன் அம்மாவை எனக்குப் பேசி முடித்திருந்தார்கள். சின்னக்கருப்பனுக்குக் கைப்பிள்ளை ஒன்று இருந்தது எனக்குத் தெரியும். தெரிந்துதான் விரலை மையில் வைத்தேன்.

ஜெயிலிலிருந்து வந்தபின் அவனிடம் தேன் வாங்க ஆள் இல்லை. ஒரு நாள் ராஜபாளையம் சந்தையில் எதிரே வந்தான். "பாய், சவுக்கியமா" என்று கேட்டான். அவ்வளவுதான். நான் தலையை ஆட்டினேன். எட்டு வருசம் கழித்துச் செத்துப்போனான்.

போன கோடையில் ரிக்கார்டரை வைத்துக்கொண்டு மூன்று நாள் என்னிடம் கேட்டாய். எல்லா ஓடையையும் சொன்னேன். அந்த வேங்கைகள் நின்ற ஓடைக்கு மட்டும் நான் போனதே இல்லை என்றேன்.

அந்தக் கைப்பிள்ளைதான் மாரிச்செல்வி. மலையடிவாரத்தில் நீ போய்ப் பார்த்துப் பேசினாயே, அவள். எங்கய்யா வெட்டலை என்று அவள் உன்னிடம் சொன்னதை, குடும்பத்தார் மறுக்கின்றனர் என்று பக்கத்தின் அடியில் பொடி எழுத்தில் ஒரே வரியாகப் போட்டிருக்கிறாய். போன வாரம் நெல்லிக்காய் விற்க வந்தவள் என் வாசலில் கூடையை இறக்கினாள். "ஏன் பாய், உங்க மக புத்தகத்துல எங்கய்யா பேரும் வருதாமே. நல்லபடியாத்தான வருது? நாங்க பட்டாவுக்கு மனுப் போட்டிருக்கோம். திருடன் மகள்னு யாரும் அதைத் தூக்கிக் காட்டிரக் கூடாதுல்ல" என்றாள். காசும் வாங்காமல் இரண்டு கை நெல்லிக்காய் அள்ளி வைத்துவிட்டுப் போனாள். அது அப்படியே தட்டில் கிடக்கிறது.

இவ்வளவையும் எழுதிவிட்டு நிஜாம் பேனாவை மூடி வைத்தான். "மாமு, ஒங்க மக வேலைக்கு இது கேடா வந்தா என்ன செய்வீய" என்று கேட்டான். சொந்த அத்தாவின் பொய்ச்சாட்சியை நம்பிப் புத்தகம் எழுதினாள் என்று உன்னைச் சிரிப்பார்களோ என்னவோ. சிரித்தால் அதற்கும் நான்தான் காரணம். என் மேல் கோபம் வந்தால் வரட்டும். இந்தப் பெருநாளைக்கு நீ ஊருக்கு வராவிட்டாலும் நான் ஒன்றும் கேட்க மாட்டேன். கரையான் தின்ற இடத்தில் என் பேரைப் போடு. சின்னக்கருப்பன் பேருக்கு முன்னால் இருக்கிற மரத்திருடன் என்ற வார்த்தையை எடுத்துவிடு.

உனக்குக் காகிதச் சாட்சி வேண்டும். அந்தக் கைநாட்டில் குறுக்கே ஒரு கோடு வெறுமையாக இருக்கிறது, மை சரியாகப் படாமல் போயிருக்கலாம் என்று எழுதியிருக்கிறாய். மை நன்றாகத்தான் பட்டது. இருபது வயசில் லாரிச் சங்கிலி அறுத்த தழும்பு அது. பள்ளிக்கூடம் போகும்போது நீ பிடித்துக்கொண்டு நடந்த விரல். இது என்ன கோடு அத்தா என்று தினமும் தடவித் தடவிக் கேட்பாய். ரேகை தேய்ந்துபோனாலும் அந்தக் கோடு தேயவில்லை.

நிஜாம் மைப்பெட்டி தேடிக் கொண்டுவந்திருக்கிறான். கீழே வைக்கிறேன். உன்னிடம் இருக்கிற தாளோடு சேர்த்து வைத்துப் பார், தாயே. அல்லாஹ் உனக்கு எந்தக் குறையும் வைக்க மாட்டான்.

இப்படிக்கு, எழுதியதைத் திரும்பவும் வாசிக்கச் சொல்லி, முழுசாகக் கேட்டபின்,

அசன் முகம்மது
இடது கைப் பெருவிரல்