கணக்கில் விட்ட நடை

செவ்வாய்க்கிழமை, இரவு.

இன்று பயணக் கணக்கெடுப்பு என்று, எங்களைப் போல இந்த நாட்டுக்கு வந்த ஒரு தமிழ்நாட்டுத் தம்பி வீட்டுக்கு வந்தார். நேற்று யார் யார் எங்கே, எதில் போனோம் என்று கேட்டார். கணவர் காரில் வேலைக்குப் போனதையும் நான் கடைக்கு நடந்து போனதையும் ஒன்றுவிடாமல் சொன்னேன்.

"வேற யாராவது இந்த வீட்ல தங்கியிருக்காங்களா, ஆன்ட்டி?"

"இல்லைத் தம்பி, நாங்கள் ரெண்டு பேர்தான்."

பின்னறையில் வாடகைக்கு இருக்கும் மாணவி துளசி அப்போது வீட்டில்தான் இருந்தாள். வாடகைப் பணத்துக்கு வரி கட்டாததால், அவள் இருப்பதை வெளியாருக்குச் சொல்லக் கூடாது என்பது கணவரின் கட்டளை. அந்தப் பயத்தில் வாய் முந்திவிட்டது. நெற்றியில் திருநீற்றோடு பொய் சொல்லிவிட்டேன்.

போகும்போது அந்தத் தம்பி, "ராத்திரி பஸ் எங்க வேணும்னு இத வச்சுத்தான் பாப்பாங்க," என்றார்.

அவர் போனதும் துளசி வெளியே வந்தாள்.

"அப்ப நான் ஆர் அன்ரி, பேயோ?" என்று சிரித்தாள். பிறகு சிரிப்பு நின்றது. "நேற்றும் வேலை முடிஞ்சு ஸ்டேசனிலயிருந்து இருட்டுக்குள்ள நடந்துதான் வந்தனான். அதையெண்டாலும் சொல்லியிருக்கலாம்."

தேத்தண்ணி வேணுமோ என்று கேட்டேன்.

திருத்தம் இருந்தால் அழைக்கச் சொல்லி அந்தத் தம்பி நம்பர் தந்திருக்கிறார். கணவரிடம் அதைச் சொன்னேன். "சும்மா விடுமப்பா, ஒரு ஆளுக்காக பஸ் விடப் போறாங்களோ?" என்றுவிட்டுப் படுத்துவிட்டார்.

துளசி இன்றும் வேலைக்குப் போனாள். இப்போது அந்த வழியில்தான் நடந்து வந்துகொண்டிருப்பாள்.

காலையில் இவரைக் கேட்காமலே அழைக்கப் போகிறேன். பொய் சொன்னேன் என்று எப்படித் தொடங்குவதென்றுதான் தெரியவில்லை.