கூட்டி எழுதிய வயது

1961 மார்ச் 7

ஐந்தாம் நம்பர் மலையில் கவ்வாத்து. பனியில் கத்திப் பிடி கையோடு ஒட்டிக்கொண்டது. இருநூற்றுப் பத்துத் தேயிலைச் செடி வெட்டினேன். பக்கத்து நிரையில் நின்றவனுக்கு முப்பது வயது. அவன் நூற்றெண்பதைத் தாண்டவில்லை.

மாலையில் பெரிய கிளாக்கர் ஆபீஸ் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டார். “வீரய்யா, சித்திரையோட ஒமக்கு அறுபது முடியுது. பேரை வெட்டச் சொல்லித் துரை உத்தரவு. முன்கூட்டியே சொல்லிட்டேன், பெறகு என்னையக் கொறை சொல்லப்படாது.”

எனக்கு ஐம்பத்தைந்துதான் நடக்கிறது.

மார்ச் 9

நேற்று கோபத்தில் எழுதவில்லை. இன்று எழுதி வைக்கிறேன். பின்னால் யாராவது மறுத்தால் இது இருக்கட்டும்.

நான் பிறந்தது பராபவ வருஷம், ஆவணி மாதம். இங்கிலீஷில் 1906. அப்பா செத்த பிறகு அம்மா என்னை ஆபீசுக்குக் கூட்டிப்போனபோது எனக்கு ஒன்பது. சிறு பிள்ளைக்கு அரைப்பேர்தான் போடுவார்கள், பாதிச் சம்பளம். பதினாலு என்றால் முழுப்பேர். அம்மா என் காதோரம் “குதிகாலத் தூக்கிக்கிட்டு நில்லுடா” என்றாள். தூக்கிக்கொண்டு நின்றேன். கங்காணி சிரித்துவிட்டுப் பதினாலு என்றார். கிளாக்கர் எழுதிக்கொண்டார். அன்றைக்கு இந்த மலையில் பாதிப் பிள்ளைகளுக்கு அப்படித்தான் வயது ஏறியது.

அந்த ஐந்து வருஷம் இத்தனை காலம் கழித்து வந்து என் கழுத்தைப் பிடிக்கிறது. அம்மாவை நான் குறை சொல்லவில்லை. சொல்கிறேனோ?

ஏப்ரல் 15

பிலவ வருஷம் பிறந்துவிட்டது. ஆபீஸ் புத்தகத்தின்படி நான் பிறந்ததும் பிலவ வருஷம். அறுபது வருஷம் சுற்றி வந்து என்னை வெளியே தள்ளியிருக்கிறது.

காலைப் பெரட்டில் எல்லோருடைய பேரையும் கூப்பிட்டார்கள். என்னைக் கூப்பிடவில்லை. கடைசி ஆள் மலையேறும் வரை நின்றேன். பேர் வாசித்த கண்டாக்கு என் பக்கம் திரும்பவே இல்லை. நாற்பத்தாறு வருஷம்!

ஏப்ரல் 16

கவ்வாத்துக் கத்தியைத் திருப்பிக் கேட்டார்கள். கொடுக்கவில்லை.

ஏப்ரல் 30

நாங்கள் குடியிருக்கும் லயத்துக் காம்பரா என் மகள் காளியாயியின் பேரில் இருப்பதால் வெளியே போகச் சொல்லவில்லை. மருமகன் போன பிறகு அவளும் நானும்தான். விடியுமுன் பெரட்டுக்குப் போகிறாள். போகுமுன் அடுப்போரம் எனக்குத் தேத்தண்ணி ஊற்றித் தட்டால் மூடி வைக்கிறாள். நான் கத்திய மறுநாள் கூட வைக்கிறாள்.

பகலில் லயத்தில் ஆண்பிள்ளை நான் ஒருவன்தான். தண்ணீர் பிடிக்கும் பீலிக்கரையில் கிழவிகள், “என்னா வீரய்யா, பேறு காலமா?” என்று கேலி செய்கிறார்கள்.

ஜூலை 18

தொழில் மந்திரி எங்கள் தோட்டத்துக்கு வருகிறார், வேலைக்குப் போகும் பெண்கள் குழந்தைகளை விட்டுப்போகும் புதிய பிள்ளைக்காம்பராவைத் திறக்க. முத்துலிங்கம் ஓடிவந்து சொன்னான். சங்கத்தின் தோட்டத் தலைவர் அவன். அவனுக்குச் சங்கச் சந்தாப் புத்தகம் எழுதக் கற்றுக்கொடுத்ததே நான்தான்.

தொழிலாளியின் வேலை, அவன் ஓய்ந்த பிறகு கிடைக்கும் சேமலாப நிதி, எல்லாம் இந்த மந்திரியின் கையில் என்று பேப்பரில் வந்ததை வெட்டி வைத்திருக்கிறேன். துரை தப்பு செய்தால் மந்திரி விசாரிக்கச் சொல்லலாம். பிறகென்ன, மந்திரி என்றால் மாலை வாங்கவா?

இரண்டு பக்கம் மனு எழுதினேன். நாள் முழுக்க ஆனது. முத்துலிங்கத்திடம் ஒன்று விடாமல் சொன்னேன். காளியாயி சங்கதியையும் சொன்னேன். அதை இங்கே எழுத வேண்டியதில்லை.

“மந்திரி கையிலயே குடுத்துர்றேன் வீரய்யாண்ணே. எம்மேல சத்தியம்” என்றான்.

ஆகஸ்ட் 20

மந்திரி வந்தார். வெள்ளை உடுப்பு, கழுத்து மறைய மாலை. சிங்களத்தில் பேசினார், ஒரு வாத்தியார் தமிழில் சொன்னார். “உழைத்த கை முதுமையில் யாரிடமும் ஏந்தக் கூடாது. அதைப் பார்த்துக்கொள்ளவே நான் இந்த நாற்காலியில் இருக்கிறேன்.” நான் கை தட்டினேன். கண் கலங்கிவிட்டது, மறைக்கவில்லை.

மேடைக்குப் பின்னால் முத்துலிங்கம் அவரிடம் குனிந்து ஏதோ சொன்னதைப் பார்த்தேன். மனு கொடுத்தாயிற்று.

செப்டம்பர் 25

பதில் இல்லை.

அக்டோபர் 14

பதில் இல்லை. “மந்திரிமாருக்கு ஆயிரம் வேலைண்ணே” என்கிறான் முத்துலிங்கம். எனக்கு ஒரு வேலைதான், அதுவும் இல்லை. வட்டகொடை டவுனுக்கு இறங்கி நானே இன்னொரு மனுவை ரிஜிஸ்டர் தபாலில் அனுப்பினேன். பதில் தோட்டத்து ஆபீஸ் வழியாக வந்தால் என் கைக்கு வந்து சேராது. அதனால் டவுனில் கடை வைத்திருக்கும் நஸார் முதலாளியின் விலாசத்துக்குக் கேட்டிருக்கிறேன்.

நவம்பர் 21

பதில் வந்தது. சிங்களம். நஸார் முதலாளிதான் வாசித்தார். உறையைப் பார்த்ததுமே, “அண்ணே, மந்திரி சம்பந்தம் பேசியிருக்காரு, மாப்பிள்ளை நீங்கதான்” என்றார். வாசிக்க வாசிக்கச் சிரிப்பு நின்றுவிட்டது.

மனுவை ஹட்டன் தொழில் காரியாலயத்துக்கு அனுப்பியிருக்கிறார்களாம், விசாரணை நடக்குமாம். நல்லது. ஆனால் அதற்கு மேலே ஒரு வரி: ஆகஸ்டில் நேரில் கொடுத்ததாக நீர் சொல்லும் மனு எதுவும் எமக்குக் கிடைக்கவில்லை.

மூன்று தரம் வாசிக்கச் சொன்னேன். மூன்று தரமும் அதேதான்.

நவம்பர் 22

முத்துலிங்கம் மறுக்கவில்லை. மனு அவன் வீட்டுத் தகரப் பெட்டியிலேயே இருக்கிறது.

“கோவப்படாமக் கேளுங்கண்ணே. இந்த நாட்டுப் பிரசாவுரிமை கேட்டு மனுப் போட்ட எல்லாரும் ஆபீசு வயசத்தான் எழுதியிருக்கோம். ஒங்க ஒரு ஆளுக்கு ஆபீசு வயசு பொய்யின்னு ஆனா, அம்புட்டுப் பேரும் பொய்ச் சத்தியம் பண்ணுனோம்னு ஆயிரும். அப்பீல்ல கெடக்குறவன் கதியென்னா?”

“அப்ப ஏண்டா சத்தியம் பண்ணுன?”

“ஒங்க மூஞ்சியப் பாத்து முடியாதுன்னு சொல்ல முடியலண்ணே.”

அந்த வாதத்தில் நியாயம் இருக்கலாம். இருந்துவிட்டுப் போகட்டும். மூன்று மாதம் என்னைத் தபால்காரன் வழி பார்க்க வைத்தானே, அதற்கு எந்த நியாயம்? ஒரு சொல் சொல்லியிருக்கலாமே. துரோகி. அவன் வீட்டு வாசலை இனி மிதிப்பதில்லை.

டிசம்பர் 12

விசாரணை தோட்டத்து ஆபீசிலேயே நடந்தது. ஹட்டனிலிருந்து ஒரு சிங்கள அதிகாரி, வாலிபன், மரியாதையானவன். எனக்கு நாற்காலி போடச் சொன்னான். துணைக்குக் காளியாயி வந்து கதவோரம் நின்றாள்.

பராபவ வருஷம் என்றேன். அவன் புரியாமல் பேனாவை மூடினான். அந்தக் காலத்தில் வயதைக் கூட்டி எழுதுவது வழக்கம் என்று விளக்கினேன். தலையாட்டிக் கேட்டான். என் பக்கம் சாய்கிறான் என்றே தோன்றியது.

அப்போது பெரிய கிளாக்கர் ஒரு பழுப்புக் காகிதத்தை மேசையில் வைத்தார். 1935. காளியாயிக்கு முழுப்பேர் கேட்டு நான் எழுதிக் கொடுத்தது. வயது பதினாலு என்று என் கையெழுத்தில்.

நான் கைநாட்டு வைக்காமல் முதன்முதலாகப் போட்ட கையெழுத்து அது. அன்றைக்கு லயம் முழுக்கச் சொல்லிக்கொண்டு திரிந்தேன்.

“வயசக் கூட்டி எழுதுறது தப்புங்கிறீரு. இந்த வயசு சரியா, தப்பா?” என்றார் கிளாக்கர்.

அதிகாரி என்னைப் பார்த்தான். தப்பு என்றால் நானே பொய் எழுதுகிறவன், என் பேச்சை எவன் நம்புவான்? சரி என்றால் —

“சரிதான். எம் மகளுக்கு அப்ப பதினாலு” என்றேன்.

காளியாயி கதவோரம் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு என்ன தெரியும்? 1935இல் அவளுக்கு நிஜத்தில் பதினொன்றுதான். அந்தக் காகிதச் சங்கதி எனக்கும், நான் சொன்ன முத்துலிங்கத்துக்கும் மட்டுமே தெரியும்.

1962 ஜனவரி 30

தீர்ப்பு வந்துவிட்டது. போதிய சாட்சி இல்லை, ஆபீஸ் வயதே செல்லும். மூன்று மாதத்துக்குள் மந்திரிக்கு அப்பீல் செய்யலாமாம். செய்தேன். விடுவேனா?

பிப்ரவரி 11

முத்துலிங்கம் பாதையில் மறித்தான். “பெரிய கிளாக்கர் கேட்டாரு, ஒங்க மக காகிதத்தப் பத்திச் சொல்லிட்டேன். தோட்டத்த நெனச்சுத்தான் செஞ்சேன். பேசலன்னாலும் திட்டவாவது செய்யிங்கண்ணே” என்றான். திட்டவும் இல்லை.

மார்ச் 19

சேமலாப நிதிப் படிவத்தோடு சின்னக் கிளாக்கர் லயத்துக்கு வந்தார். காளியாயியிடம் வயது கேட்டார். “பொறந்த வருசமெல்லாம் தெரியாதுங்க. அப்பாவே ஆபீசுல சொன்னாங்களே, அதப் போட்டுக்கங்க” என்றாள். வரும் சித்திரையோடு நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டார்.

இந்தத் தோட்டத்தில் பெண்களுக்கு ஐம்பத்தைந்தில் பேர் வெட்டுகிறார்கள். அவளுக்கு அது மூன்று வருஷம் முந்தி வரும். அவளும் ஒரு நாள் பெரட்டுக்களத்தில் தன் பேரைக் கூப்பிடாததால் தனியே நிற்பாள். அன்றைக்கு நான் இருக்க மாட்டேன். யாரிடம் போய்க் கேட்பாள்?

நான் என் காதால் கேட்டுக்கொண்டு வாசலிலேயே உட்கார்ந்திருந்தேன்.

மார்ச் 20

முத்துலிங்கத்தைத் துரோகி என்று எழுதிய பக்கத்தைப் புரட்டிப் பார்த்தேன். அந்தச் சொல்லை அடிக்கவில்லை. அவன் துரோகிதான். ஆனால் அந்தப் பக்கத்தில் இன்னொரு பேருக்கும் இடம் இருக்கிறது.

ஏப்ரல் 8

ஞாயிறு. ஹட்டன் அதிகாரிக்கு எழுதி முடித்தேன். 1935இல் என் மகள் வயதை மூன்று வருஷம் கூட்டி எழுதியவன் நான், டிசம்பர் விசாரணையில் சொன்னதும் பொய், அவள் ரக்தாட்சி வருஷம், 1924இல் பிறந்தவள், திருத்திக் கொடுக்க வேண்டும். இது போய்ச் சேர்ந்தால் மந்திரிக்குப் போட்ட என் அப்பீல் அன்றோடு செத்தது. பொய்ச் சாட்சி சொன்னவனுக்கு எந்த மந்திரி வயதைத் திருத்துவான்?

காளியாயி விறகோடு வந்தாள். உட்காரச் சொல்லி வாசித்துக் காட்டினேன்.

முதலில் சிரித்தாள். “அப்ப எனக்கு இன்னும் நாப்பது ஆவலயா? மூணு வருசம் சும்மா கெடச்சிருக்கு!” என்றாள். விறகை அடுக்கப் போனவள் பாதியில் நின்றாள்.

“அம்மா சேலைய எனக்குச் சுத்திவிட்டு ஆபீசுக்குக் கூட்டிப் போனீங்களே, அன்னிக்கா?”

“ஆமா.”

“முழுப்பேர் போட்ட மொத வருசம் தெனமும் கொழுந்து கொறையும். கண்டாக்கு ஏசுவாரு. வீட்டுக்கு வந்தா நீங்களும் ஏசுவீங்க, ஒன் வயசுப் புள்ளைக பறிக்குதுகளே, ஒனக்கென்னா கேடுன்னு. எங் கையில ஏதோ கோளாறுன்னு நெனச்சுக்கிட்டே இருந்தேன் அப்பா.” கையிலிருந்த விறகைக் கீழே வைத்தாள். “பதினொரு வயசுலயா அம்புட்டையும் சொமந்தேன்?”

என் அம்மாவிடம் நான் இதைக் கேட்டதே இல்லை.

ஏப்ரல் 9

ஏழு மணி ரயிலில் ஹட்டனுக்குப் போகிறேன். காகிதத்தை நானே கொடுப்பேன், இனி யார் கையிலும் ஒப்படைப்பதில்லை. போகிற வழியில் கவ்வாத்துக் கத்தியை ஆபீசில் கொடுத்துவிட வேண்டும்.

காளியாயி இருட்டோடு பெரட்டுக்குப் போய்விட்டாள். அடுப்போரம் பார்த்தேன். தட்டு கழுவிக் கவிழ்த்து வைத்திருக்கிறது. இன்று தேத்தண்ணி இல்லை.