வாடகைக்குப் போன தோள்

ஜூன் 3
என் துணிக்கடைக்கு மேலே இருக்கிற ஹாலை சுகாதார நிலையங்களில் வேலை செய்கிறவர்களுக்கு மூன்று நாள் வாடகைக்கு விட்டிருக்கிறேன். டாக்டர்களும் நர்சுகளுமாகப் பதினைந்து பேர். மூட்டுவலி, தோள்வலி, இடுப்புவலி என்று வருகிறவர்களை எப்படிப் பார்ப்பது என்று அவர்களுக்கு வகுப்பாம். இத்தனை வருஷம் என்னதான் செய்தீர்கள் என்று கேட்டேன். ஏற்பாடு செய்த டாக்டரம்மா நம் தெருமுனை சுகாதார நிலையத்தில் இருப்பவர், என் மகள் வயசு. கொஞ்சமும் கூச்சமில்லாமல், "வலி மாத்திரை எழுதினோம். கேக்கலன்னா பெரிய ஆஸ்பத்திரிக்கு அனுப்பினோம்" என்றார். இதைச் சொல்லவும் துணிச்சல் வேண்டும்.

என் வலது தோளைப் பற்றி மூச்சுவிடவில்லை. சளிக்கு மருந்து தருகிற இடத்தில் தோளைக் காட்டுவார்களா? பதினேழாம் தேதி ஆபரேஷன். தோளுக்குள் ஜவ்வு கிழிந்திருப்பதாக ஸ்கேன் சொல்கிறது. மச்சான் பிடித்துக் கொடுத்த டாக்டர். மச்சான் பிடித்தால் பெரிய டாக்டராகத்தானே இருக்கும்.

ஜூன் 4
காலையில் சட்டையை என் மனைவிதான் மாட்டிவிட்டாள். கை பின்பக்கம் போகவே மாட்டேன் என்கிறது. கடையில் மேல் தட்டுத் துணிக்கட்டை எடுக்க ஆள் கூப்பிட வேண்டியிருக்கிறது. ஒண்டி ஆளாகத் துணிமூட்டை தூக்கி உண்டாக்கிய கடை. அந்தக் கையே இப்போது — சரி, விடு.

மாலை மாடிக்குப் போய் எட்டிப் பார்த்தேன். நல்ல கூத்து. இரண்டிரண்டு பேராக நின்று ஒருவர் கையை ஒருவர் தூக்கித் திருப்பிப் பார்க்கிறார்கள். ஒருவர் தோளிலும் ஒரு குறை கிடையாது. எல்லாருக்கும் "நார்மல்" என்று எழுதுகிறார்கள். புதுத் துணியையே தடவிக்கொண்டிருந்தால் நைந்த துணி எப்படி இருக்கும் என்று எப்போது தெரிவது? வாய் சும்மா இருக்கவில்லை, சொல்லிவிட்டேன்.

வகுப்பெடுக்கிற பிசியோ ஒல்லியான ஆசாமி. கதவைத் தள்ள நான் இடது கையை நீட்டியதைக் கவனித்திருக்கிறான். "அப்ப நைஞ்ச துணி ஒண்ணு நீங்களே குடுங்களேன், முதலாளி" என்றான்.

மாட்டிக்கொண்டேன்.

ஜூன் 5
பதினைந்து பேருக்கு நடுவில் பனியனோடு உட்கார்ந்தேன். இந்த வயசில் இது வேறு.

முதலில் வந்தவர் தோளைத் தொடவேயில்லை. ஸ்கேன் இருக்கிறதா என்றார். கொடுத்தேன். பெண்ணின் போட்டோ வந்த வீடு மாதிரி எல்லாத் தலையும் அதன்மேல் கவிழ்ந்தன. தோளுக்குச் சொந்தக்காரன் ஏசி குளிரில் கிடக்கிறான். பிசியோ அதைப் பிடுங்கித் தன் நாற்காலியில் போட்டு அதன்மேலேயே உட்கார்ந்தான். "தோள் அங்க இருக்கு" என்றான். இந்த மூன்று நாளில் அங்கே பேசப்பட்ட உருப்படியான பேச்சு அதுதான்.

அப்புறம் ஒரு நர்சம்மா என் முழங்கையை விலாவோடு ஒட்டிவைத்து, முன்கையை வெளிப்பக்கம் திருப்பச் சொன்னார். போகவில்லை. அவரே மெதுவாகத் தள்ளினார். ஊறிப்போன மேஜை டிராயர் மாதிரி நின்றுவிட்டது. "நான் தள்ளினாலும் போகலையே" என்று பயந்துவிட்டார்.

அதுதான் விஷயம் என்றான் பிசியோ. வெறும் கிழிசல் என்றால் நம்மால் தூக்க முடியாத கையைப் பெரும்பாலும் அடுத்தவர் தூக்கினால் போகும். இது மூட்டைச் சுற்றியிருக்கிற பையே இறுகிக் கிடக்கிறது. என் வயசில் வலியே இல்லாதவனுக்கும் ஸ்கேனில் கொஞ்சம் கிழிசல் தெரியுமாம். ஆளாளுக்கு வந்து திருப்பிப் பார்த்தார்கள். ஒருவர் கை ஐஸ்கட்டி.

கடைசியாக டாக்டரம்மா, சர்க்கரை பார்த்ததுண்டா என்றார். இல்லை. "தோள் இறுகினவங்ககிட்ட இதைக் கேக்கணும்னு காலையிலதான் கத்துக்கிட்டேன்" என்றார். காலையில் படித்ததை மத்தியானம் என்மேல் பரீட்சை பார்க்கிறார்.

ஜூன் 6
சர்க்கரை இருக்கிறது. தாராளமாகவே இருக்கிறது.

ஜூன் 10
பெரிய டாக்டரிடம் போனேன். ஒருதடவையாவது என் கையைத் திருப்பிப் பார்த்தீர்களா என்று கேட்டேன். ஸ்கேனைக் காட்டினார். ஆபரேஷன் வேண்டாம் என்று கும்பிட்டுவிட்டு வந்துவிட்டேன்.

மச்சான் வீட்டுக்கே வந்து குதித்தான். தன் மானம் போய்விட்டதாம். தெருமுனை டாக்டர் பேச்சைக் கேட்டுக் கை விளங்காமல் போகப்போகிறதாம். இவள் அடுப்பை அணைத்துவிட்டு வந்து, "ஏண்டா, அது உன் தோளா?" என்றாள். அவ்வளவுதான், செருப்பைத் தேடினான்.

டாக்டரம்மாவும் ஒன்றும் தேன் தடவிப் பேசவில்லை. ஊசி, பயிற்சி, சர்க்கரைக்கு மாத்திரை. ஒரு வருஷத்துக்கு மேலும் ஆகலாம், முழுக்கச் சரியாகும் என்று எழுதித் தர மாட்டேன் என்கிறார். சரக்கின் குறையை முன்னாலேயே சொல்லி விற்கிறவரிடம் நான் இரண்டாவது தடவையும் வாங்குவேன்.

ஜூன் 23
பயிற்சி. உயிர் போகிறது.

ஜூலை 21
இன்று சட்டையை நானே போட்டேன். மேல் தட்டு இன்னும் எட்டவில்லை.

அடுத்த கூட்டத்துக்கு வகுப்பாம். டாக்டரம்மா வந்து ஹாலையும் கேட்டார், தோளையும் கேட்டார். சும்மா கொடுக்க நான் என்ன சத்திரமா நடத்துகிறேன்? ஒருமணி நேரம் பேரம். முடிவு இது: என் தோள் இறுகியிருக்கிறவரை ஹாலுக்கு வாடகை இல்லை. கையைச் சூடாக்கிக்கொண்டுதான் தொட வேண்டும். போதும் என்றால் விட்டுவிட வேண்டும். வாரம் ஒருதடவை டாக்டரம்மா தோளைப் பார்ப்பார், ஆனால் எல்லாரையும்போல நான் வரிசையில் நிற்க வேண்டும். சர்க்கரை மாத்திரையை நான் ஒரு வேளை விட்டாலும், அவர்கள் கட்ட வேண்டிய மின்சாரச் செலவும் என் தலையில். தோள் சரியாகிவிட்டால் வேறு தோளை அவர்களே தேடிக்கொள்ள வேண்டும், அன்றிலிருந்து முழு வாடகை.