பல் பிடுங்கப் போன நாள்

இன்று காலை கொச்சி மட்டாஞ்சேரி கடைத்தெருவில் யாரோ ஒரு சுக்கு மூட்டையை அவிழ்த்தார்கள். அந்தக் காரநெடி ஏறியதும் தும்மல் வந்தது. கூடவே, தோழி, உன் நினைவும் வந்தது.

எழுபதுகளின் கடைசியில் நாம் இருவரும் கிடங்கில் எதிரெதிரே உட்கார்ந்து சுக்கு தரம் பிரித்தோம். வெற்றிலை, பாக்கு, சுண்ணாம்பு, ஒரு கிள்ளுப் புகையிலை என்று வாய் எப்போதும் நிறைந்திருக்கும். அந்த முறுக்கானைக் கன்னத்தில் அடக்கிக்கொண்டே மேஸ்திரியைப்போலப் பேசிக் காட்டுவாய். எனக்குச் சிரித்துப் புரையேறும்.

ஒரு மழைக்காலத்தில் உன் ஈறு வீங்கிப் பேச்சு நின்றது. உன்னை ஆஸ்பத்திரிக்கு இழுத்துப் போனவள் நான். பல்லைப் பிடுங்கி டாக்டரம்மா பஞ்சு வைத்தார். அதைக் கடித்துக்கொண்டே என்னைக் கைகாட்டினாய்.

"டாக்டரே, இவ வாயையும் ஒண்ணு பாருங்க. மீன்கறி தின்னா எரியுதுன்னு மோர் ஊத்தித் தின்னுறா."

"எனக்கு ஒரு கொழப்பமும் இல்ல, வாய் நல்லாத்தான் இருக்கு" என்றேன்.

"இல்லேன்னா திறந்து காட்டேன்டி."

திறந்தேன். டார்ச் வெளிச்சத்தில், என் கன்னத்தின் உட்புறம் வெள்ளையாகத் தடித்திருந்தது. துளி சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார்கள். முடிவு வரும்வரை எனக்குச் சோறு இறங்கவில்லை. "இப்போ புற்றுநோய் இல்லை. முறுக்கானையும் புகையிலையையும் விடலேன்னா நாளைக்கு ஆகலாம்" என்றார் டாக்டரம்மா.

வெளியே வந்ததும் நீ சொன்னாய்: "நான் மெல்லுறதப் பாத்தா உனக்கும் மெல்லணும்னு கொதி வரும். நானும் விட்டுடறேன்."

முதல் வாரம் யாரைக் கண்டாலும் எரிந்து விழுந்தோம். ஒருநாள் முறம் யாருடையது என்று நமக்குள்ளேயே பெரிய சண்டை. அது முதலாளியுடையது என்று நினைவு வந்ததும் வயிறு வலிக்கச் சிரித்தோம். ஆசை எழும்போதெல்லாம் சீரகம் மென்றோம். மாதங்கள் போகப் போக என் வாயில் எரிச்சல் குறைந்தது, வெள்ளையும் மங்கியது. ஒவ்வொரு முறை காட்டப் போகும்போதும் நீ கூட வந்தாய். "டாக்டரே, இப்ப நான் நல்ல பிள்ளை. என் பல்லத் திருப்பித் தாங்க" என்பாய்.

நீ போய்ச் சேர்ந்து மூன்று வருடமாகிறது. பள்ளுருத்தியில் என் பக்கத்து வீட்டுக்குக் கட்டட வேலைக்காகத் தேனியிலிருந்து ஒரு பெண் குடிவந்திருக்கிறாள். நாள் முழுக்கப் பாக்கும் புகையிலையும்தான். சோற்று உருண்டையைச் சிறிதாகப் பிடித்து, வாயை அகலத் திறக்க முடியாமல் உண்பதைக் கவனித்தேன். கூட இருப்பவர் உண்பதைக் கவனிக்கும் கண் உன்னிடமிருந்து வந்தது. இரண்டு நாள் பேசிச் சம்மதிக்க வைத்துவிட்டேன். நாளைக் காலை அவளுடன் ஆஸ்பத்திரிக்கு பஸ் ஏறுகிறேன்.