போனை மானிட்டர் பக்கம் திருப்புங்க

மகனே,

பெசன்ட் நகர் மாதா கோயிலில் அப்பாவின் முப்பதாம் நாள் பூசைக்கு வர நீ விமான டிக்கெட் போட்டிருப்பதாக உன் தங்கை சொன்னாள். ரத்து செய்துவிடு.

ஐ.சி.யு. டாக்டர் உன்னிடம் போனில் தெளிவாகத்தான் சொன்னார். கழுத்து வழியாக இதயத்துக்குள் ட்யூப் விட்டால் பிரஷர் துல்லியமாகத் தெரியும், மருந்தை அளந்து கொடுக்கலாம். ஆனால் அதுவே நோயைக் குணப்படுத்தாது, கிருமி ஏறலாம், இவர் உடம்பு தாங்காது என்றார். நீ அமெரிக்காவில் உட்கார்ந்துகொண்டு, "எல்லாத்தையும் போடுங்க டாக்டர், எனக்கு நம்பர் தெரியணும்" என்றாய்.

போட்டார்கள். பிடுங்கிவிடுவார் என்று அப்பாவின் கைகளைக் கட்டிலோடு கட்டினார்கள்.

சாகக் கிடப்பவருக்கு எண்ணெய் பூசி ஜெபிக்கும் அவஸ்தைப்பூசுதல் கொடுக்க ஃபாதர் வந்தபோது நீ வீடியோ காலில் இருந்தாய். சிலுவை போட்டுக்கொள்ள அப்பா வலது கையைத் தூக்கித் தூக்கிப் பார்த்தார். கட்டு விடவில்லை.

"அம்மா, போனை மானிட்டர் பக்கம் திருப்புங்க" என்றாய். திருப்பினேன்.

அந்த ட்யூப் வழியாகத்தான் கிருமி ஏறியது. கடைசிவரை பிரஷர் மட்டும் துல்லியமாகத் தெரிந்தது.

கல்லறைக்கும் வராதே. அங்கே நம்பர் எதுவும் ஓடாது. பார்ப்பதற்கு அப்பா மட்டும்தான் இருக்கிறார்.

உன்னைப் பெற்றவள்