இரண்டு ராணிகளைக் கவிழ்த்தவள்

ஜூன் 2, ஞாயிறு
பகல் இரண்டு மணிக்கு வீட்டில் இருக்கிறான் என் புருஷன் டெஸ்! ஒன்பது வருடமாக இந்த நேரத்தில் கிளப்பில் போக்கர் மேசையில் இருப்பவன், இன்று உலர்ந்த காலுறைகளுக்கு ஜோடி தேடிக்கொண்டிருக்கிறான். போன வாரம் சீட்டின் ஓரத்தைத் தூக்கும்போது கை நடுங்கி, சீட்டு புரண்டு, மேசைக்கே தெரிந்துவிட்டது. பார்கின்சன் என்று டாக்டர் சொன்ன அன்றுகூட அவன் முகம் அப்படிச் சுருங்கவில்லை.

ஜூன் 5
"எனக்கு ஆடக் கத்துக்குடு. உனக்குப் பதிலா நான் போறேன்" என்றேன். முப்பத்தாறு வருடத்தில் இவன் இப்படிச் சிரித்து நான் பார்த்ததில்லை. "உன் மூஞ்சிலதான் எல்லாமே எழுதி ஒட்டியிருக்குமேடி!" ஆனாலும் சீட்டுக்கட்டை எடுத்தான். பந்தய வில்லைகளுக்குப் பதில், நான் சேர்த்து வைத்திருந்த, ரொட்டிப்பையின் வாயை மூடும் பிளாஸ்டிக் கிளிப்புகள். குப்பை என்று திட்டியவனே நிறம் பார்த்துப் பிரித்து அடுக்கினான்.

ஜூன் 9
ஆளுக்கு இரண்டு சீட்டு, நடுவில் பொதுவாக ஐந்து. வந்ததையெல்லாம் ஆடுகிறேன் என்று கத்துகிறான். "பத்து தடவைல எட்டு தடவை சீட்டக் கவுத்துப் போட்டு ஒதுங்கிடு, நோலீன். அது தோல்வி இல்ல, பொறுமை." இன்னொன்று: கடைசியாகப் பேசும் இடம் கிடைத்தால் சுமார் சீட்டையும் ஆடலாம், மற்றவர்கள் செய்ததைப் பார்த்துவிடுகிறோமே. இது உடனே புரிந்தது. இந்த வீட்டில் கடைசியாகப் பேசுவது நான்தானே.

ஜூன் 13
கிளிப்பெல்லாம் போச்சு. ஏஸ் ஜோடி வந்த மிதப்பில், நடுவில் நாலு ஆட்டின் கிடந்ததைப் பார்க்கவே இல்லை. ஐந்தாவது அவன் கையில்; ஒரே இனத்தில் ஐந்து சேர்ந்தால் எந்த ஜோடியும் நிற்காதாம்.

ஜூன் 20
இன்று பொய்ப் பாடம். வெறுங்கையை வைத்துக்கொண்டு மிரட்டுவதென்றால், முதல் பந்தயத்திலிருந்தே ஒரே கதையாகச் சொல்ல வேண்டுமாம். சொல்லிக்கொடுப்பவனுக்குத்தான் பொய் வரவில்லை. சாதாரணமாக என் முகத்தைப் பார்த்தே பேசாத மனுஷன், பொய் சொல்லும்போது மட்டும் கண்ணை நேராகப் பார்க்கிறான். முன்பொரு தடவை ஒரு படகை வீட்டுக்குக் கொண்டுவந்து, ஓசியில் கிடைத்தது என்று சொன்ன அன்றும் இப்படித்தான் பார்த்தான். இதை அவனிடம் சொல்லப் போவதில்லை.

ஜூன் 30, ஞாயிறு
"நீ தனியாப் போனா என் மானம் போயிடும்" என்று அவனே சட்டை மாற்றிக்கொண்டு கிளம்பினான்! அங்கே ஆட்டத்தை நடத்தும் மெர்வ், டெஸ்ஸின் பழைய கூட்டாளி, சீட்டைச் சாய்த்து வைக்க மரத்தில் ஒரு தாங்கி செய்து வைத்திருந்தான். நானும் ஆடினேன், கடைசியில் ஜெயித்தது டெஸ்தான். கிளப்பில் பரிசாகத் தரும் பச்சை இறைச்சித் தட்டு அவன் மடியில். வரும் வழியெல்லாம் விசில்.

ஜூலை 1
காலையில் கேட்டான். "கடைசி ஆட்டத்துல நீ கவுத்தப்போ உன்கிட்ட என்ன இருந்துச்சு?"
"ஒண்ணுமில்ல."
நானும் அவன் கண்ணை நேராகப் பார்த்துவிட்டேன் போல. கண்டுபிடித்துவிட்டான். அவன் ஜெயிக்கட்டும் என்று நான் கவிழ்த்தது ராணி ஜோடி. பிறகு மெர்வுக்குப் போன். அவனும் மூன்று தடவை நல்ல சீட்டைக் கவிழ்த்தானாம். அந்த மேசையில் வேண்டுமென்றே விட்டுக்கொடுப்பது ஏமாற்று வேலை, புருஷன் பெண்டாட்டி ஆனாலும்.
தட்டைப் பிரிக்காமலே கொண்டுபோய் மெர்வ் வீட்டு வாசலில் வைத்துவிட்டு வந்தான் டெஸ். "வியாதிதான் வந்திருக்கு. பிச்சை போடற அளவுக்கு இன்னும் போகல. இனிமே அந்தப் பக்கமே போகமாட்டேன்."
ஐயோ, என்ன பண்ணித் தொலைச்சேன்? அவன் சந்தோஷத்துக்குன்னு நெனச்சு, அதையே பிடுங்கிட்டேனே —

ஜூலை 4
மறுபடியும் காலுறைகளுக்கு ஜோடி தேடுகிறான்.

ஜூலை 10
கிளிப்புகளைக் கொண்டுபோய் அவன் முன்னால் கொட்டினேன். "ஆடு." இரண்டு தடவை மொத்தமாக வாரினேன். "மெதுவாடி" என்றான். "முடியாது" என்றேன். மூன்றாவது ஆட்டத்தில் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டான்.

ஜூலை 14
மெர்வ் வந்தான். மன்னிப்பெல்லாம் கேட்கவில்லை. "அடுத்த ஞாயித்துக்கிழமை உன்னத்தான்டா மொதல்ல வெளிய அனுப்பப்போறேன்."
"வாடா, பாக்கலாம்."

ஜூலை 21, ஞாயிறு
மெர்வை டெஸ் வெளியே அனுப்பினான். கடைசியில் நானும் அவனும்தான். என்னிடம் ஒன்பது ஜோடி. நடுவில் ராஜா ஒன்று, மற்றதெல்லாம் சில்லறை. டெஸ் தன் வில்லைகள் அத்தனையையும் தள்ளினான், கை உதறியது. புதிதாக வந்த ஒருத்தர் பின்னாலிருந்து, "கை நடுங்குது பாருங்க, பெரிய சீட்டுதான்" என்றார். நான் கையைப் பார்க்கவில்லை. டெஸ் என் கண்ணை நேராகப் பார்த்துக்கொண்டிருந்தான்.
பாவம், விட்டுவிடலாம் என்று ஒரு நொடி தோன்றியது.
"ஆடறேன்."
அவனிடம் ஒன்றுமில்லை. ஏழும் மூன்றும். கிளப்பே என்னை ராட்சசியைப் போலப் பார்த்தது. டெஸ் எழுந்து மேசையைத் தட்டினான். "பாத்தியாடா மெர்வ்? விடல பாத்தியா! என் பொண்டாட்டிடா!" எனக்குக் கண் நிறைந்துவிட்டது. என்ன மனுஷன் இவன். இவனைத் தவிர வேறு யாரிடமும் நான் இப்படி ஜெயிக்க விரும்ப மாட்டேன்.

ஜூலை 22
நான் ஜெயித்த ஆட்டுக்கறியை அவன்தான் வறுத்தான். அடுத்த ஞாயிறுக்கு இரண்டு பேர் பெயரும் கொடுத்தாகிவிட்டது. எப்படிக் கண்டுபிடித்தாய் என்று காலையிலிருந்து நச்சரிக்கிறான்.
"அந்தப் படகு நெஜமாவே ஓசியிலதான் கெடச்சுதா, டெஸ்?"
கரண்டியைக் கீழே வைத்துவிட்டு, என் கண்ணை நேராகப் பார்த்து, "ஆமா" என்றான்.